போக் அல்ல... போக்கே!

சனிக்கிழமை காலை 7 மணிக்கு இந்தப் பக்கத்தை நீங்கள் பிரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹோனலூலு நகரத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிதான் ஆகியிருக்கும்! நமக்கும் அவர்களுக்கும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே பள்ளி விட்டாயிற்று. பிள்ளைகளுக்குப் பசி. நாமும் அவர்களோடு ஒரு சின்னக் கடைக்குச் சாப்பிடப் போவோமா?

ஹோனலூலு, ஹவாய்த் தீவுகளின் தலைநகரம். ஹவாய், அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமாக 1959-ல் சேர்ந்தது. அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் கடலைத் தாண்ட வேண்டும். சுற்றிலும் தண்ணீர்தான். அதனால் நாம் சாப்பிடப் போவதும் மீன்தான்.

நாம் போகிற தெருவின் பெயர் கபஹுலு. அகலமான சாலை. இரு பக்கமும் சலவைக் கடை, பலகாரக் கடை என்று சின்னச் சின்னக் கடைகள். நடுவில் நம் கடை. உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும்! கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பென்சில் அழிக்கும் ரப்பர் அளவில் வெட்டிய மீன் துண்டுகள், தர்ப்பூசணிப் பழம்போல சிவப்பாகப் பளபளக்கின்றன. அதுதான் போக்கே.

ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து 'போக்' என்று படித்துவிடாதீர்கள். ஹவாய் மொழியில் ஒரு விதி உண்டு: எந்தச் சொல்லானாலும் உயிரோசையில்தான் முடியும். கபஹுலு, ஹோனலூலு, அலோஹா, எல்லாவற்றையும் சொல்லிப் பாருங்கள். அந்த மொழிக்கு மொத்தமே 13 எழுத்துகள். உயிர் 5, மெய் 8. நம் 247 எழுத்துகளை மனப்பாடம் செய்த உங்களுக்கு அது வெறும் அரை மணி நேர வேலை! 'போக்கே' என்றால் குறுக்கே துண்டு போடுவது என்று பொருள். வெட்டுகிற வேலையின் பெயரே உணவுக்கும் பெயராகிவிட்டது.

"அன்ட்டி, ஷோயு அஹி அரைப் பவுண்டு!" என்கிறான் நமக்கு முன்னால் நிற்கும் ஒரு பையன். கடைக்கார அம்மா அவனுக்கு உறவா? இல்லை. ஹவாயில் பெரியவர்கள் எல்லோருமே பிள்ளைகளுக்கு அன்ட்டி அல்லது அங்கிள்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. பவுண்டு என்பது அங்கே எடைக் கணக்கு. ஒரு பவுண்டு 454 கிராம். எது வேண்டும் என்று தெரியாமல் விழித்தால், அந்த அம்மாவே ஒரு துண்டை எடுத்து ருசி பார்க்கக் கொடுப்பார்.

ஒரு நிமிடம். அந்த மீன் வேகவைத்ததும் அல்ல, பொரித்ததும் அல்ல. பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள்! ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் வாங்கிய மீனை வெட்டி வாயில் போட்டுப் பார்க்கவும் கூடாது. இந்த அஹி, சூரை இனத்தைச் சேர்ந்த பெரிய மீன். பிடித்த உடனே ஐஸில் வைத்து, கடைசிவரை குளிர் குறையாமல் கொண்டுவருகிறார்கள். நடுவில் சூடு பட்டுவிட்டால் அதன் சதையில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகும். அதன்பிறகு கொதிக்க வைத்தாலும் அது போகாது. எனவே இது கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம். பல கடைகளில் சோயாக் கட்டியில் செய்த போக்கேயும் உண்டு.

ஹோனலூலு துறைமுகத்தில் 38-ஆம் எண் துறையில் ஒரு மீன் ஏலக்கூடம் இருக்கிறது. 1952-ல் தொடங்கிய ஏலம் இது. விடியற்காலையில், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மணியடித்துத் தொடங்கிவிடுவார்கள். கூறு கட்டி விற்பதில்லை, ஒவ்வொரு மீனும் தனித்தனியாகத்தான் ஏலத்துக்கு வரும். சில மீன்கள் உங்கள் எடையைவிட அதிகம் இருக்கும்! வாலருகே ஒரு சின்ன வெட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். வாங்க வருபவர் குனிந்து அதில் நிறம் பார்ப்பார். துளி சதையை விரலால் தேய்த்துக் கொழுப்புப் பார்ப்பார். அந்த ஒரு துளியை வைத்து முழு மீனுக்கும் விலை சொல்லிவிடுவார். ஹோனலூலுக் கடைகளுக்கு வரும் நல்ல மீனில் பெரும்பகுதி அந்தக் கூடத்தின் வழியாக வந்ததுதான்.

எண் வில்லையும் தூக்குச்சட்டியும்

சரி, அந்தப் பையன் கேட்டானே, ஷோயு அஹி? ஷோயு என்பது சோயா சாஸுக்கு ஜப்பானியப் பெயர். அத்துடன் நல்லெண்ணெய், வெங்காயம், வெங்காயத்தாள். (அவர்களின் நல்லெண்ணெய் எள்ளை நன்றாக வறுத்து எடுத்தது. மணம் தூக்கும்!) பக்கத்துத் தட்டில் கொரியாவின் கிம்ச்சி போட்ட போக்கே. அடியில் சூடான சோறு. ஜப்பான், கொரியா, சீனா எல்லாம் ஒரு கிண்ணத்துக்குள் எப்படி வந்தன?

கரும்பு கொண்டுவந்தது! 1835-ல் கௌவாய் தீவில் பெரிய கரும்புத் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தோட்டங்கள் பெருகின, ஆள் போதவில்லை. 1852-ல் சீனர்களைக் கூட்டிவந்தார்கள். 1868-ல் ஜப்பானியர் ஏறத்தாழ 150 பேர் வந்தார்கள். 1885 முதல் ஆயிரக்கணக்கில். போர்ச்சுக்கீசியர், கொரியர், பிலிப்பைன்ஸ்காரரும் வந்தார்கள். நாளுக்கு 10 மணி நேர வேலை. ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த ஓர் உலோக வில்லை. அதற்கு 'பாங்கோ' என்று பெயர். கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எண்ணைத்தான் சொல்லிக் கூப்பிடுவார். வகுப்பில் ஆசிரியர் உங்களை எப்போதும் வருகைப்பதிவு எண்ணாலேயே கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு நாட்டவருக்கும் தனித்தனிக் குடியிருப்பு. ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலி. எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடக் கூடாது என்பதில் முதலாளிகள் கவனமாக இருந்தார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார்களே! தொழிலாளர்கள் கொண்டுவந்தது இரண்டு அடுக்குத் தூக்குச்சட்டி. கீழே சோறு, மேலே குழம்போ கறியோ. கரும்பு நிழலில் வட்டமாக உட்கார்ந்து, மேலடுக்கை நடுவில் வைத்தார்கள். ஒருவர் சட்டியிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிட்டார். நீங்கள் மதிய இடைவேளையில் செய்வீர்களே, அதேதான். அப்படித்தான் சோயா சாஸும் நல்லெண்ணெயும் ஹவாய்க்காரர்களின் மீனுக்குள் போய்ச் சேர்ந்தன. 1920-ல் ஒவாஹு தீவில் ஜப்பானியத் தொழிலாளர்களும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களும் சேர்ந்தே வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கரும்புத் தோட்டம் 2016-ல் மூடப்பட்டது. கிண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது, கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் தட்டைப் பாருங்கள். 'ஹவாய் முறை' என்று எழுதியிருக்கிறது. சோயா சாஸ் கிடையாது. பார்க்கவும் அவ்வளவு பகட்டாக இல்லை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நாம் அதைத்தான் வாங்கப் போகிறோம்.

அதில் மீனுடன் மூன்றே பொருள்கள். முதலாவது கல் உப்பு. கௌவாய் தீவில் ஹனபேபே என்ற ஊரில் சில குடும்பங்கள் இன்றும் களிமண் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கின்றன. அந்த உப்பைக் காசுக்கு விற்பதில்லை! தலைமுறை தலைமுறையாக அப்படி ஒரு கட்டுப்பாடு. உறவுக்கும் நட்புக்கும் கொடுக்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம், அவ்வளவுதான். எனவே நம் கடை உப்பு அங்கிருந்து வந்ததல்ல.

இரண்டாவது, குகுய் கொட்டை. கப்பல் காணாத காலத்தில், நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஹவாய் மக்களின் முன்னோர்கள் தெற்கிலிருந்து இரட்டைத் தோணிகளில் வந்தபோது கையோடு கொண்டுவந்த மரம் அது. நம் சேப்பங்கிழங்கும் அதே தோணிகளில்தான் போனது. சோறு வருவதற்கு முன் சேப்பங்கிழங்கை அவித்து இடித்த 'போய்'தான் அவர்களின் முக்கிய உணவு. குகுய்ப் பருப்பில் அவ்வளவு எண்ணெய்! ஈர்க்கில் கோத்துக் கொளுத்தினால் ஒவ்வொன்றாக எரிந்து விளக்காகும். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும். வறுத்து, உப்புடன் நுணுக்கி, மீனில் சிறிதளவு தூவுகிறார்கள்.

மூன்றாவது, செந்நிற நூல்போல மீனோடு சுற்றிக்கொண்டு கிடக்கிறதே, அது கடற்பாசி. ஹவாய் மொழியில் லிமு. நான் உங்களைக் கடைக்கு அழைத்து வந்ததே இதற்காகத்தான்.

பெண்கள் காப்பாற்றிய பாசி

பழைய ஹவாயில் கடுமையான சட்டங்கள் இருந்தன. ஆண்களும் பெண்களும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள், சில மீன்கள், இவை எதையும் பெண்கள் தொடவே கூடாது. மீறினால் மரண தண்டனைகூட உண்டு! ஒரு வாழைப்பழத்துக்கு! ஆனால் லிமுவுக்குத் தடை இல்லை. அதனால் பெண்கள் கடலோரப் பாறைகளுக்குப் போய் லிமு பறித்தார்கள். எது எந்த மாதத்தில் வளரும், எது எந்த மீனுக்குப் பொருந்தும், எது மருந்து என்பதெல்லாம் பெண்களின் படிப்பாயிற்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். அம்மா மகளுக்குச் சொன்னார், மகள் பேத்திக்குச் சொன்னார்.

1819-ல் லிஹோலிஹோ என்ற இளம் அரசர், ஊரார் பார்க்க, பெண்கள் அமர்ந்திருந்த பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கா'அஹுமானு, கெயோபுவோலானி என்ற இரண்டு அரசியர் அதற்குத் துணை நின்றார்கள். அந்த ஒரு சாப்பாட்டோடு பழைய சட்டம் முறிந்துவிட்டது! போர் மூண்டு முடிந்த சட்டங்களைப் படித்திருப்பீர்கள். பந்தியில் உட்கார்ந்ததால் முடிந்த சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1919-ல், மாவி தீவின் ஹானா என்ற ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அம்மா ஹவாய்க்காரர், அப்பா சீனர். அம்மா மகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு லிமுவையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். அந்தச் சிறுமிதான் இசபெல்லா அபட். பெரியவளானதும் தாவரவியல் படித்தார். 1950-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஹவாய்ப் பழங்குடிப் பெண்களில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதுவரை அறிவியலில் பெயரே இல்லாதிருந்த 200-க்கும் மேற்பட்ட கடற்பாசி வகைகளை அடையாளம் கண்டார். தீவுகளுக்குப் போய், வயதான பாட்டிகளிடம் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த லிமுப் பெயர்களைக் கேட்டு எழுதியும் வைத்தார். கடற்பாசியில் கேக்கும் ஊறுகாயும் செய்து விருந்தாளிகளுக்குக் கொடுப்பாராம்! 2010-ல் காலமானார்.

பாட்டிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. பாசி கடலில் இருக்கிறதா? அங்குதான் சிக்கல். ஒவாஹு தீவில் எவா என்றொரு கடற்கரை. லிமுவுக்குப் பெயர் போன இடம். அலை அடித்தால் கரையெல்லாம் லிமு ஒதுங்கும். கூடை கொண்டு அள்ளுவார்களாம். இன்று அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா? லிமு வளரக் கடல்நீரோடு கொஞ்சம் நல்ல தண்ணீரும் வேண்டும். நிலத்துக்கு அடியிலிருந்து ஊற்றுநீர் கடலில் கசிந்துகொண்டே இருக்கும். மேலே வீடுகளும் சாலைகளும் வந்தன, ஊற்று குறைந்தது. பறிக்க வந்தவர்களில் பலர் பிடியோடு பிடுங்கினார்கள். பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அடிப்பகுதியை விட்டுவிட்டு நுனியை மட்டும் கிள்ள வேண்டும் என்பது பழைய பாடம். அது மறந்துபோயிற்று. போதாக்குறைக்கு, 1970-களில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்ட ஒரு வெளிநாட்டுப் பாசி, பாறைகளைப் போர்வைபோல மூடிக்கொண்டது.

அதனால் இன்று பல கடைகளுக்கு வருவது தொட்டியில் வளர்த்த பாசிதான். நம் கிண்ணத்தில் இருப்பதும் அதுவாக இருக்கலாம். ஆனால் எவா ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, லிமுக் கொடிகளை நாரில் பூத்தொடுப்பதுபோலத் தொடுத்து, கல்லோடு சேர்த்துக் கடலடியில் நடுகிறார்கள். 2022-ஆம் ஆண்டை ஹவாய் மாநிலம் லிமு ஆண்டாக அறிவித்தது.

ஒரு சொல்லுக்குச் சண்டை

நாம் வரிசையில் நிற்கும் இந்த நேரத்தில் இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் போக்கே அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. மாம்பழம், சோளம் என்று எதையெதையோ போட்டு விற்கிறார்கள். போடட்டும், ருசி அவரவர் விருப்பம். ஆனால் 2018-ல், சிகாகோ நகரில் தொடங்கிய ஒரு போக்கே நிறுவனம், அலோஹா என்ற சொல்லைப் போக்கேயுடன் சேர்த்துப் பெயர் வைத்திருந்த வேறு சிறு கடைகளுக்கு வக்கீல் கடிதம் அனுப்பியது. "அந்தப் பெயரைச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறோம். நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்" என்பது அதன் சாரம்.

அலோஹா என்பது ஹவாய் மக்களின் வணக்கம். வரவேற்பும் அதுவே, விடைபெறுவதும் அதுவே, அன்பும் அதுவே. அலாஸ்காவில் ஒரு ஹவாய்க் குடும்பம் நடத்திய சின்னக் கடை, செலவு செய்து பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டது. வழக்கு நடத்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? செய்தி பரவியதும் ஹவாய் மக்கள் கொதித்துப்போனார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். சிகாகோவிலேயே ஊர்வலம் நடந்தது. அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அலோஹா என்ற சொல்லையே சொந்தம் கொண்டாடவில்லை, தன் கடைப் பெயரை மட்டும்தான் காக்க நினைத்தது என்றும் சொன்னது.

ஒரு பெயர்ப்பலகைக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 1896-ல் ஹவாயில் ஒரு சட்டம் வந்தது. பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்றது. ஹவாய் மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. பயந்துபோன பெற்றோர் வீட்டிலும் பேசுவதை நிறுத்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில், அந்த மொழி பேசத் தெரிந்த பிள்ளைகள் 50 பேருக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? ஏறக்குறைய உங்கள் வகுப்புதான், ஒரு மொழியின் மொத்தப் பிள்ளைகளும்! 1984-ல் கௌவாய் தீவில் 'பூனானா லேயோ' என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். குரல்களின் கூடு என்று பொருள். உள்ளே வந்துவிட்டால் ஹவாய் மொழி மட்டுமே. இப்போது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மழலையர் வகுப்பிலிருந்து பள்ளி இறுதி வரை ஹவாய் மொழியிலேயே படிக்கிறார்கள். அப்படி மீட்ட சொல்லை "நீ பலகையில் எழுதாதே" என்று ஒருவர் கடிதம் எழுதினால்? அந்த அலாஸ்காக் கடைக்காரர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் வகுப்பில் விவாதம் நடத்துங்கள், ஆசிரியர் அனுமதித்தால்!

அடடா, நம் முறை வந்துவிட்டது. 'ஹவாய் முறை' அரைப் பவுண்டு. சோற்றின்மேல் வைத்துத் தருகிறார் அன்ட்டி. கடையில் உட்கார இடம் இல்லை. கபஹுலு சாலையின் கோடிக்கு நடந்தால் கபியோலானி பூங்கா, அதைத் தாண்டிக் கடல். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுங்கள். முதலில் உப்பு. பிறகு வறுத்த கொட்டையின் மணம். மீன் வெண்ணெய்போல வழுக்குகிறது. அப்போது பல்லிடையே 'நறுக்'. அதுதான் லிமு.

வெளியே வரும்போது அன்ட்டிக்கு நன்றி சொன்னீர்களா? ஹவாய் மொழியில் 'மஹாலோ' என்று சொல்ல வேண்டும். அதுவும் உயிரோசையில்தான் முடிகிறது, கவனித்தீர்களா?